கொடைக்கானலில் படம் பேசுகிறோம், ஆள் தேவை

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கொடைக்கானலில் இருக்கும் சில நண்பர்கள். ஒருவர் தாவரவியல் பேராசிரியர், ஒருவர் வரலாறு, ஒருவர் தமிழ், நான் சமூகவியல். புதுப் படம் வந்தால் திண்டுக்கல்லோ மதுரையோ இறங்கிப் பார்த்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்து பேசி, விமர்சனமும் எழுதுகிறோம்.

பேச்சு நன்றாகவே போகிறது. கதை வெள்ளைக்காரன் வருவதற்கு முந்தைய காலம் என்பார்கள், பின்னால் பைன் காடு நிற்கும். பைன் வெள்ளைக்காரன் நட்டதாச்சே என்று தாவரவியல் நண்பர் உடனே பிடித்துவிடுவார். மலையில் தானாக வளர்ந்த சோலைக்காட்டையும், நட்டு வளர்த்த தைல மரத்தோப்பையும் ஒன்றாகக் காட்டினால் அவருக்கு ஆறவே ஆறாது. எனக்கும்தான்.

ஆனால் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி என்று வரும்போது எங்களுக்குக் கை ஓடவில்லை. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) என்ற மலையாளப் படம் பற்றிப் பேசினோம். அதில் வரும் கொடைக்கானல் குணா குகையின் உட்புறம் பெரும்பாலும் கேரளாவில் போட்ட செட். 1991-ல் வந்த 'குணா' அந்த நிஜக் குகையிலேயே எடுத்த படம். இரண்டுக்கும் வெளிச்சத்தில் என்ன வித்தியாசம் என்று எங்களில் ஒருவராலும் விளக்க முடியவில்லை. அதைச் சொல்லாமல் விமர்சனம் எழுதுவது நியாயமில்லை.

கொடை, பூம்பாறை, பண்ணைக்காடு பக்கம் படப்பிடிப்பில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? லைட்மேன், ஜீப் ஓட்டியவர், துணை நடிகர், யாரானாலும் சரி. பட்டம் எதுவும் வேண்டாம். ஒரு ஞாயிறு வந்து பேசுங்கள், போக்குவரத்துச் செலவு எங்களுடையது. தெரிந்தவர் இருந்தால் கமெண்டில் டேக் பண்ணுங்கள்.