புதுப்பிப்பு: இன்ஜின் மாற்றவில்லை, வண்டி ஓடுகிறது

சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன்: வாரன்டி முடிந்த டீசல் கார், கூலன்ட் குறைகிறது, வெள்ளைப் புகை. சர்வீஸ் மையம் இன்ஜினையே மாற்றச் சொல்லி 1,85,000 ரூபாய் கேட்டது. "ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்" என்றீர்கள். கேட்டேன். பார்க்கவே இல்லை! எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

வண்டியை ஓட்டாமல், கட்டி இழுத்தே கோவை கணபதியில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முதலில் கம்ப்ரெஷன் சோதனை: இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைவு. ஹெட்டைக் கழற்றியதும், அந்த இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் அடைப்பு) கருகி அறுந்திருந்தது. ஹெட்டின் மேல் எஃகுப் பட்டையை வைத்து, அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகினார், வழுக்கிக்கொண்டு போனது. "வளைஞ்சிருக்கு, நீங்களே பாருங்க சார்" என்றார்.

லேத் பட்டறையில் ஹெட்டைச் சமன்செய்தது, புதிய கேஸ்கெட், புதிய போல்ட்டுகள், ஆயில், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 38,400 ரூபாய். மூல காரணம் ரேடியேட்டர் விசிறியை இயக்கும் மின் சுவிட்சான ரிலே. அது பழுதாகி, விசிறி சுற்றாமல், இன்ஜின் சூடேறித்தான் ஹெட் வளைந்திருக்கிறது. அதையும் மாற்றிவிட்டோம்.

இதுவரை 600 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். தினமும் காலையில் கூலன்ட் டப்பாவைப் பார்க்கிறேன், கோடு இறங்கவில்லை.