35 டிகிரிக்கு மேல் மின்விசிறியை அணைக்க வேண்டுமா?

நேர்கோடு:
"வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அது உடலை அடுப்பிலிட்டதுபோல் வேகவைத்துவிடும்" என்று கருமுகில் நேற்று அறிவுரை வழங்கியிருந்தார். அதை நம்பி, புழுக்கமான இரவில் ஒரு முதியவர் விசிறியை நிறுத்திவிட்டுப் படுத்தால் யார் பொறுப்பு? தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி என்பதால், அதைவிடச் சூடான காற்று உடலுக்கு வெப்பத்தைக் கொடுக்கும் என்பது சரியே. ஆனால் மனிதருக்கு வியர்க்கும் என்பதை இவர் எப்படி மறந்தார்? ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் உடலை விட்டு நீங்குகிறது. புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விசிறி விலக்குவதால்தான் அதில் ஒரு பகுதியாவது ஆவியாகிறது. 40 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் விசிறி உடலின் உள்வெப்பத்தையும் இதயத்தின் சுமையையும் குறைத்தது என்று சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் எழுதியுள்ளனர்.

கருமுகில்:
நண்பர் நேர்கோடு ஆய்வின் பாதியை மட்டும் படிக்கும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. அதே ஆய்வில் 47 டிகிரி வெப்பமும் 10 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தபோது விசிறி தீங்கே செய்தது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 12 ஆரோக்கியமான ஆண்கள். முதியவர் ஒருவர்கூட இல்லை. முதியவர்களைக் கொண்டு 42 டிகிரியில் நடத்தி 2016-இல் வெளியான ஆய்விலோ, ஈரப்பதம் ஏற ஏற, விசிறி ஓடியபோதுதான் இதயத்துடிப்பும் உள்வெப்பமும் கூடுதலாக இருந்தன. ஐரோப்பாவில் 2003 கோடையில் 70,000-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனரே, அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதாவது அவருக்குத் தெரியுமா?

நேர்கோடு:
நீங்கள் சொன்னது 35. இப்போது காட்டுவது 47, பிறகு 42. எண்களை இடம் மாற்றி வைப்பது விவாதம் ஆகாது. 35-இல் விசிறி யாரை வேகவைத்தது என்று சொல்லுங்கள்.

வடகாற்று:
இருவரும் பொறுத்தருள்க. 35 என்று நீங்கள் குறிப்பது சாதாரண வெப்பமானியின் அளவையா, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையையா? பின்னது 35-ஐத் தொட்டால், நிழலில் அசையாமல் அமர்ந்திருப்பவரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-இல் கணித்தார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2022-இல் வெளியிட்ட சோதனை முடிவுகளோ, ஈரமான சூழலில் இளைஞர்களின் உடலே ஏறத்தாழ 31 டிகிரி ஈரக்குமிழ் வெப்பநிலையிலேயே தன் வெப்பத்தைச் சமன்செய்ய இயலாமல் போகிறது என்றன. இதைத் தெளிவாக்காமல் எப்படி வாதிடுவது?

நேர்கோடு:
ஈரக்குமிழை இங்கே யாரும் அழைக்கவில்லை. கேள்வி 35 டிகிரியையும் விசிறியையும் பற்றியது.

மருந்துப்பெட்டி:
முதியவர்களைப் பற்றிக் கருமுகில் சொல்வதில் பொருள் இருக்கிறது. முதுமையில் வியர்வை குறைகிறது. சிறுநீர் பெருக்கி மாத்திரைகள், இதயத்துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகள், சில ஒவ்வாமை மருந்துகள் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலை மேலும் குறைக்கின்றன. ஆனால் சென்ற கோடையில் எல்லாரையும் உப்பு மாத்திரை விழுங்கச் சொன்னவரும் இதே கருமுகில்தான். மருத்துவர் சொல்லாமல் அதை விழுங்கினால் குமட்டல் வரும். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது ஆபத்து. அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

கருமுகில்:
வெயிலில் கடுமையாக உழைப்பவர்களுக்காக நான் எழுதியதை எல்லாருக்கும் சொன்னதாகத் திரித்ததே நீங்கள்தான். உங்களுக்கு உப்பு மாத்திரையைவிட என் பெயர்தான் உறுத்துகிறது.

மருந்துப்பெட்டி:
உழைப்பவர்கள் என்ற சொல்லே அந்தப் பதிவில் இல்லை. மேலும், வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். கடும் உழைப்பில் விழுபவர் வியர்வையில் நனைந்தபடியே விழலாம். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அதுவே போதுமான அறிகுறி. அப்போது உடலைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்த வேண்டும் அல்லது நனைத்து விசிற வேண்டும்; தோல் உலர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் காலம் கடத்தக் கூடாது.

நேர்கோடு:
நனைத்து விசிற வேண்டும் என்பதை அனைவரும் கவனிக்கவும். விசிற வேண்டும்!

கருமுகில்:
நனைக்க வேண்டும் என்பதையும் கவனிக்கவும். வெறும் விசிறி போதாது என்றுதானே நான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்?

நேர்கோடு:
போதாது என்று சொல்லவில்லை, வேகவைக்கும் என்றீர்கள். உலகச் சுகாதார நிறுவனமே 40 டிகிரிக்குக் கீழே மின்விசிறியைப் பயன்படுத்தச் சொல்கிறது. அவர்களுக்கும் நீங்கள்தான் பாடம் எடுக்க வேண்டும் போலிருக்கிறது.

கருமுகில்:
ஆக, ஓர் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். 40-க்கு மேல் விசிறி உடலைச் சூடாக்கும் என்று அதே நிறுவனம்தான் சொல்கிறது. மிச்சம் வெறும் ஐந்து டிகிரித் தகராறு.

வடகாற்று:
அந்த 40 எந்த வெப்பமானியில் என்றாவது ஒருவர் சொல்வீர்களா?

நேர்கோடு:
ஒப்புக்கொள்ள நான் எதையும் மறுக்கவே இல்லையே. குளிர்சாதனம் வாங்க இயலாத கோடிக்கணக்கானோருக்கு வெப்ப அலையின் பெரும்பகுதி அந்த "வெறும் ஐந்து டிகிரி"க்குள்தான் கழிகிறது. அவர்களுடைய ஒரே கருவியை அணைக்கச் சொன்னவர் நீங்கள். 47 வேண்டாம், 42 வேண்டாம், உப்பு மாத்திரையும் வேண்டாம். 35-க்கு விடை சொல்லுங்கள்.

கருமுகில்:
விடை என் முதல் பதிவிலேயே இருக்கிறது. முழுமையாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது தெரியும்.