சேலம் ஆய்வகத்துக்கு டி.என்.ஏ. வரிசைப்படுத்தும் கருவி: இப்போது தேவையா?

ஏற்காடு உயிரியல் ஆசிரியர்:
மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, மழையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடந்த எலும்பு ஒன்று கிடைத்தால், அது யாருடையது என்பதற்கு இப்போது வழக்கத்தில் உள்ள எஸ்.டி.ஆர். சோதனை (டி.என்.ஏ.வின் சில இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தொடர் எத்தனை முறை மீண்டும் மீண்டும் வருகிறது என்று எண்ணுவது) பல நேரம் பாதி விடையோடு நின்றுவிடுகிறது. அச்சோதனையின் பல பகுதிகளுக்கு 200, 300 எழுத்து (டி.என்.ஏ.வின் வேதி அலகு) நீளமுள்ள, உடையாத டி.என்.ஏ. துண்டுகள் வேண்டும், ஈரத்தில் ஊறிய எலும்பில் அவை மிஞ்சுவது அரிது. புதிய வரிசைப்படுத்தும் முறை குட்டித் துண்டுகளையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும். இருவருக்கு ஓரிடத்தில் 12 மீள்வுகள் இருந்தால் பழைய முறையில் அவ்விடத்தில் வேறுபாடே தெரியாது. அந்த 12-க்குள் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் புதிய முறை காட்டிவிடும். ஆகவே சேலம் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு இக்கருவியைக் கேட்டு மனு எழுத விரும்புகிறேன்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:
ஐயா, அறிவியலில் எனக்கு மறுப்பில்லை. மாதிரி ஆய்வகத்துக்கு வந்து சேரும் விதத்தில்தான் மறுப்பு. நான் வாதாடிய ஒரு வழக்கில், ரத்தக்கறை படிந்த சட்டையை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இடாமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தார்கள்; நீதிமன்றத்தில் அதைப் பிரித்தபோது மடிப்பெல்லாம் கரும்பச்சைப் பூஞ்சை. 2025 ஜூலையில், சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்ட விதத்திலிருந்த குறைகளைச் சுட்டி, மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு கட்டமும் பதிவாக வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது.

ஜெர்மனியில் பல ஆண்டுகள் தேடப்பட்ட ‘கொலைகாரி’யின் டி.என்.ஏ., மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த, குற்றத்தோடு தொடர்பில்லாத ஒரு பெண்ணிடமிருந்து அக்குச்சிகளில் ஒட்டியது என்று 2009-இல் தெரிந்தது. கருவி கூர்மையாகக் கூர்மையாக, இத்தகைய ஒட்டுத் தடயமும் கூடவே துலங்கும்.

ஏற்காடு உயிரியல் ஆசிரியர்:
நீங்கள் சொல்லும் சட்டைக்கு உங்கள் மறுப்பு முற்றிலும் பொருந்தும். காகித உறைகளும் குளிர்பதனப் பெட்டியும் காவல் நிலையந்தோறும் வேண்டும் என்பதையும் மனுவில் சேர்க்கிறேன். ஆனால் காட்டில் கிடந்த எலும்பை எந்தக் காவலரும் தவறாகப் பொதியவில்லையே. மழை அதைச் சிதைத்தது. காணாமல் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயிடம், உறைகள் சீராகும்வரை பொறுத்திருங்கள் என்று என்னால் சொல்ல இயலாது.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:
அடையாளம் தெரியாத உடல்களுக்கு என்று மனுவில் வரையறுத்து எழுதினால் நானும் கையெழுத்திடுகிறேன். உயிரோடிருப்பவரைக் கூண்டில் நிறுத்தும் வழக்குகளுக்கும் சேர்த்துக் கேட்பதானால், கைமாற்றப் பதிவேடு முறையாக நடப்பதை நேரில் பார்க்கும்வரை என் கையெழுத்து கிடைக்காது.