மறு: ‘டீரிஸ்கிங்’குக்கு ‘இடர்நீக்கம்’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘டீரிஸ்கிங்’ (de-risking) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்று பேசும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கையில் இருக்கும் மொழிபெயர்ப்பில் இந்த ஒரு சொல் 37 இடங்களில் வருகிறது. ஏழை நாடுகளில் இணையவசதி, மின்சாரம், குடிநீர் போன்ற பணிகளுக்குத் தனியார் நிறுவனங்களை எப்படி அழைத்துவருவது என்று அரசு அதிகாரிகளுக்குச் சொல்லும் கையேடு அது. பணம் போடும் நிறுவனத்துக்கு இழப்பு பற்றிய அச்சத்தைப் போக்குவதற்கு அதில் வரும் பெயர்தான் ‘டீரிஸ்கிங்’. முதல் பத்துப் பக்கங்களில் நானும் ‘இடர்நீக்கம்’ என்றே போட்டுவிட்டு நகர்ந்தேன். பதினோராம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

> ‘டீ’ என்றால் நீக்கம், ‘ரிஸ்க்’ என்றால் இடர். இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது?

இதழாசிரியர் ஐயா கேட்டது நியாயமான கேள்விதான். உறுப்புக்கு உறுப்பு ஒட்டினால் சொல் கிடைத்துவிடுகிறது. ஆனால் நீக்கம் என்றால் இருந்தது இல்லாமல் போக வேண்டும். கடல்நீரிலிருந்து உப்பை எடுப்பதை உப்புநீக்கம் என்கிறோம். அங்கேகூட உப்பு மறைந்துவிடுவதில்லை. அடர்ந்த உவர்நீராக இன்னொரு குழாய் வழியே கடலுக்கே போகிறது. குடிக்கிறவருக்கு அந்தக் குழாயைப் பற்றிக் கவலை இல்லை. அதனால் அந்தச் சொல் பிழைத்துக்கொண்டது. நம்முடைய சொல்லில் இரண்டாவது குழாய்தான் செய்தியே.

எந்த அர்த்தத்தில் சொல்கிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கென்யாவின் வடக்கே துர்க்கானா ஏரிக்கரையில் 365 காற்றாலைகளை நிறுத்தி 310 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம். தனியார் முதலீடு, வளர்ச்சி வங்கிகளின் கடன். காற்றுக்குக் குறைவில்லாத இடம். ஆனால் மின்சாரத்தை ஊருக்குக் கொண்டுவர 400 கிலோமீட்டருக்கு மேல் கம்பித்தடம் வேண்டும். அதைப் போட்டுத்தரும் பொறுப்பு அரசுடையது. காற்றாலை ஓடத் தயாராக இருந்தும் தடம் வராவிட்டால் அரசு பணம் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். முதலீட்டாளரின் பார்வையில் இது நியாயமே: ‘என் வேலையை நான் முடித்துவிட்டேன், உன் வேலை முடியாததற்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?’ கென்யாவுக்கு வேண்டியதைவிட அதிகமான மின்சாரத்துக்குப் பணம் கட்ட நேரும் என்று அஞ்சி உலக வங்கி 2012இல் இந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. காற்றாலைகள் 2017இல் தயாராகிவிட்டன. கம்பித்தடம் போட்டுக்கொண்டிருந்த ஒப்பந்ததாரர் இடையில் நொடித்துப்போனார்; தடம் வந்துசேர்ந்தது 2018 செப்டம்பரில். அதுவரை யாருக்கும் போய்ச்சேராத மின்சாரத்துக்கான தொகை கென்ய அரசின் தலையில் விழுந்தது.

முதலீட்டாளர் பக்கமிருந்து பார்த்தால் அந்த இடர் நீங்கியது உண்மை. கருவூலத்தின் பக்கமிருந்து பார்த்தால் அது வந்து உட்கார்ந்தது. ‘இடர்நீக்கம்’ என்று எழுதும்போது நான் என்னை அறியாமலே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

‘இடர்க்குறைப்பு’ என்று சொன்னவர்களுக்கு: அந்தச் சொல்லுக்கு வேலை ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளத்துக்கு முன்பே கரையை உயர்த்துவது இடர்க்குறைப்பு. அங்கே மொத்த இடர் உண்மையிலேயே குறைகிறது. வளர்ச்சித் திட்டங்களிலும் அப்படிச் சில உண்டு. காற்றின் வேகத்தை இரண்டாண்டு அளந்து வைப்பது, நிலப் பட்டாச் சிக்கலை முன்கூட்டியே தீர்ப்பது, அலைக்கற்றை உரிம விதிகளைத் தெளிவாக எழுதி வெளியிடுவது. இவற்றை இடர்க்குறைப்பு என்றே சொல்லுங்கள், ஆட்சேபம் இல்லை. கையேட்டில் 37இல் 5 இடங்கள் இந்த வகை. மற்றவை எல்லாம் பிணை, இழப்பு வந்தால் முதல் அடியைத் தாங்குவது, குறைந்தபட்ச வருவாய் உறுதி, நாணய மதிப்பு சரிந்தால் ஈடுகட்டுவது. அங்கே இடரின் எடை அதேதான், சுமப்பவர்தான் மாறுகிறார்.

> ‘இடர்மாற்றம்’ என்று வைத்துவிட்டுப் போகலாமே தம்பி.

வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா இப்படி எழுதியிருந்தார். ஐயா, அது காப்பீட்டுத் துறையின் சொல். காப்பீட்டில் நான் தவணை கட்டுகிறேன், அவர் இடரை வாங்கிக்கொள்கிறார். அது கொடுக்கல் வாங்கல். உலக வங்கிக் குழுமத்தில் 1988 முதல் இயங்கும் பலதரப்பு முதலீட்டுப் பிணை முகமை அப்படித்தான் கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை தருகிறது: போர், சொத்துப் பறிமுதல், பணத்தை மாற்றி வெளியே எடுக்க முடியாத நிலை, அரசின் ஒப்பந்த மீறல் ஆகியவற்றுக்கு. அதை இடர்மாற்றம் என்றால் தகும். ஆனால் ஓர் அரசு 20 ஆண்டுக்கு டாலரில் மின்விலையை உறுதிசெய்யும்போது யாரும் அதற்குத் தவணை கட்டுவதில்லை. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் விலை கொடுத்து வாங்கியதும் இலவசமாகப் பெற்றதும் ஒன்றாகிவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல்லுக்கு இன்று மூன்று பொருள். மேலே சொன்னது முதலாவது. இரண்டாவது, பெரிய வங்கிகள் வம்பு எதற்கு என்று ஏழை நாட்டுக் கணக்குகளை மூடிவிட்டு ஒதுங்குவது. 2013இல் பிரிட்டனின் பார்க்ளேஸ் வங்கி, சோமாலியாவுக்குப் பணம் அனுப்பும் நிறுவனங்களின் கணக்குகளை மூடுவதாக அறிவித்தபோது இதே சொல்தான் புழங்கியது. வங்கிக் கிளைகளே அரிதான நாட்டில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம்தான் பல வீடுகளில் அடுப்பெரிக்கிறது. மூன்றாவது, 2023இல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லேயன் சீனாவைப் பற்றிச் சொன்னது: உறவை வெட்ட வேண்டாம், சார்ந்திருப்பதைக் குறைத்துக்கொள்வோம் என்று.

முதற்பொருளில் பணம் ஏழை நாட்டுக்குள் வருகிறது, இரண்டாவதில் ஏழை நாட்டை விட்டுப் போகிறது. நேர் எதிரான இரண்டுக்கு ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் சமாளிக்கிறார்கள் என்பதற்காக நாமும் சமாளிக்க வேண்டுமா? மூன்றாவதற்குச் ‘சார்புக்குறைப்பு’ போதும். இரண்டாவதற்கு ‘இடரொதுங்கல்’ என்பது என் பரிந்துரை. அதில் பெரிய சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

முதலாவதற்கு நான் வைப்பது: இடரேற்பு.

பொறுப்பேற்பு, பதவியேற்பு என்ற வரிசையில் வருவதால் காதுக்குப் புதிதில்லை. அதைவிட முக்கியம், இந்தச் சொல் தனியாக நிற்காது. ஏற்பு என்றதும் ‘யார் ஏற்றார்?’ என்று வாக்கியமே கேட்கும். அரசின் இடரேற்பு, கொடையாளர் இடரேற்பு, வளர்ச்சி வங்கியின் இடரேற்பு என்று முன்னால் ஒரு பெயரைப் போடாமல் எழுத முடியாது. கையேட்டின் பதினோராம் பக்கத்து வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நான் எழுதியது: ‘தனியார் முதலீட்டை ஈர்க்கும் பொருட்டு இத்திட்டம் இடர்நீக்கம் செய்யப்பட்டது.’ மழமழவென்று வழுக்கிக்கொண்டு போகிறது, ஒருவரும் தட்டுப்படவில்லை. இப்போது: ‘நாணயச் சரிவால் வரும் இழப்பை மின்வாரியமே இடரேற்பு செய்துகொண்டதால் தனியார் முதலீடு வந்தது.’ கொஞ்சம் கரடுமுரடு, தெரியும். ஆனால் மின்வாரியம் வாக்கியத்துக்குள் வந்துவிட்டது.

அன்புடன்,
மொழிபெயர்க்கிறவன்

—

மறு: மறு: ‘டீரிஸ்கிங்’

தம்பிக்கு,

சார்புக்குறைப்பு, இடரொதுங்கல் இரண்டுக்கும் என் ஒப்புதல் உண்டு. இடரேற்புக்கு ஒரு தடை. எங்கள் வங்கித் துறையில் தொழில்முனைவோர் துணிந்து இறங்குவதையே இடரேற்பு என்போம். இடரை ஏற்கிறவர் முதலீட்டாளர் என்பதுதானே லாபத்துக்கே நியாயம்? அந்தச் சொல்லை எடுத்து இங்கே போட்டால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

மற்றொன்று. உங்கள் மடலில் துர்க்கானா மட்டும் இருக்கிறது. கைபேசி வழியே பணம் அனுப்பும் எம்-பெசா எங்கே? 2007இல் கென்யாவில் கைபேசிப் பணம் தொடங்குவதற்கு முன், நிறுவனங்கள் போட்டியிட்டுப் பெறும் பிரிட்டன் அரசின் நிதியிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு மானியம் போனது. அதைத் தொடங்கிய வோடஃபோன் நிறுவனம் தன் பங்காகவும் பணம் போட வேண்டும் என்பது நிபந்தனை. தலைமையகம் தன் பணத்தை மட்டும் வைத்து அந்தச் சூதாட்டத்தில் இறங்கியிருக்காது. மக்கள் பணம் பாதி இடரைத் தாங்கியது, பலன் நாடு முழுக்கப் பரவியது. கலைச்சொல் கோபத்தில் பிறக்கக் கூடாது.

—

மறு: மறு: மறு: ‘டீரிஸ்கிங்’

வணக்கம்.

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே அரசாங்க ஆவணங்களில் ‘ரிஸ்க்’ என்பது இடர்நேர்வு. இடர் என்றால் நேர்ந்துவிட்ட துன்பம், இடர்நேர்வு என்றால் நேரக்கூடியது. அந்த வேறுபாடு பயனுள்ளது. ஆனால் ‘இடர்நேர்வேற்பு’ என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது. ஆகவே விட்டுவிடுகிறேன்.

என் உண்மையான மறுப்பு வேறு. ஏற்பு என்றால் மனம் ஒப்பி எடுத்துக்கொள்வது. கென்யாவில் வரி கட்டுகிறவர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்? அவர் ஏற்கவில்லை, அவர் தலையில் ஏற்றினார்கள். ‘இடரேற்றம்’ என்று சொல்லின் ஈற்றை மட்டும் மாற்றினால் உண்மை வந்துவிடும். இன்னும் வெளிப்படையாக வேண்டுமென்றால் ‘இடர்த்திணிப்பு’.

—

மறு: மறு: மறு: மறு: ‘டீரிஸ்கிங்’

நண்பர்களே,

இலங்கையிலிருந்து எழுதிய அம்மா சொன்ன ‘இடரேற்றம்’ இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. தோளில் ஏற்றுக்கொள்வதற்கும் தோளில் ஏற்றிவிடுவதற்கும் உள்ள தொலைவை ஒரே வேரில் காட்டும் வசதி வேறெங்கே கிடைக்கும்! ஆனால் வீட்டில் மூன்று பேரிடம் சொல்லைக் காட்டிப் பொருள் கேட்டேன். மூவருமே ‘இடர் கூடிவிட்டது’ என்றார்கள். விலையேற்றம், கட்டண ஏற்றம் எல்லாம் அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்திருக்கின்றன. மனமில்லாமல்தான் கைவிடுகிறேன். இடர்த்திணிப்புக்கு எம்-பெசா ஒன்றே பதில். அங்கே யாரும் யார்மீதும் திணிக்கவில்லை. திணித்த இடத்தில் ‘திணித்தார்கள்’ என்று வினையாகவே எழுதிக்கொள்ளலாம், அதற்குக் கலைச்சொல் வேண்டாம்.

வங்கி ஐயாவின் தடைக்கு: முதலீட்டாளர் இறங்குவதை ‘இடர்த்துணிவு’ என்று பிரித்துவிட்டால் முடிச்சு அவிழும். துணிவு உள்ளே இருப்பது, ஏற்பு வெளியிலிருந்து வருவது. முன்னால் பெயர் இருக்கும்வரை குழப்பம் வராது. பெயர் இல்லாமல் எழுதினால் குழப்பம் வரும், ஒப்புக்கொள்கிறேன். அப்படி எழுதக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சொல்லே.

எம்-பெசாவை விட்டது என் தவறு. அதையும் துர்க்கானாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கையேட்டுக்கு உதவும் ஒரு வேறுபாடு கிடைத்தது. எம்-பெசாவில் மக்கள் பணம் எவ்வளவு போகும் என்பது முதல் நாளே தெரியும். போனால் அவ்வளவுதான் போகும். சிலி நாடு 1995 முதல் தொலைபேசி இல்லாத ஊர்களுக்காக நடத்திய ஏலமும் இந்த ஜாதி: யார் மிகக் குறைந்த மானியம் கேட்கிறாரோ அவருக்கே பணி. தொகை வரவு செலவுத் திட்டத்தில் தெரியும், எதிர்க்கட்சி கேள்வி கேட்கலாம். பிணை அப்படியில்லை. கையெழுத்துப் போடும் நாளில் அதன் விலை சுழியம்போல் தோன்றும், ஏட்டில் ஏறாது, வேறொரு அமைச்சர் இருக்கும் காலத்தில் விழும். சாம்பியாவில் 2016இல் சூரிய மின்சார ஏலம் நடந்து ஓர் அலகு 6.02 அமெரிக்க சென்ட் என்று விலை வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். 25 ஆண்டுக்கு உயராத விலை. அந்த விலைக்கு அடியில் உலக வங்கிக் குழுமத்தின் கடனும் பிணைகளும் முட்டுக்கொடுத்து நின்றன. வாங்குவது அரசு மின்நிறுவனம், அது கட்ட வேண்டியது டாலரில், அதற்கு வசூலாவது உள்நாட்டு நாணயமான க்வாச்சாவில். 2020 நவம்பரில் அந்த நாடு வெளிநாட்டுக் கடன் பத்திரத்துக்கு வட்டி கட்ட முடியாமல் நின்றது. சூரிய மின்நிலையம்தான் காரணம் என்று சொன்னால் அது அபாண்டம்; கடன் மலைக்கு வேறு வேர்கள் இருந்தன. ஆனால் நாணயச் சரிவு யார் பக்கம் வைக்கப்பட்டிருந்தது என்பது அந்த ஒரு விலையைப் பார்த்தால் தெரியாது.

ஆகவே இரண்டாகப் பிரிக்கிறேன்: ‘வரம்புள்ள இடரேற்பு’, ‘வரம்பிலா இடரேற்பு’. மூலத்தில் இந்தப் பிரிவு இல்லை. மொழிபெயர்ப்பாளன் அத்துமீறுகிறான் என்று இதழாசிரியர் ஐயா சொல்வார். சொல்லட்டும், அடைமொழியைப் பின்னிணைப்பில் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

நேற்றிரவு 37 இடங்களையும் மறுபடி பார்த்தேன். 5 இடங்கள் இடர்க்குறைப்பு. 11 இடங்களில் யார் ஏற்கிறார் என்பது முன்பின் வாக்கியங்களிலிருந்து தெரிந்தது, பெயரோடு எழுதிவிட்டேன். மீதி 21 இடங்களில் மூலம் வாயைத் திறக்கவில்லை. மஞ்சள் நிறம் பூசி, ஓரத்தில் ‘யாருடைய இடரேற்பு?’ என்று எழுதிக் கையேட்டைத் தயாரித்தவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டிய கோப்பு. இதுவரை 4 இடங்களுக்குப் பதில் வந்திருக்கிறது. அதில் இரண்டு, ‘சூழலுக்கு ஏற்ப’.

அன்புடன்,
மொழிபெயர்க்கிறவன்