பிரஸ்ஸில் இரண்டு விரல் போச்சு, 25 ஆயிரத்தோடு கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்

செல்வி (கோவை), மார்ச் 2024
என் தம்பிக்கு வயது 30. கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) ஓட்டுகிறான். போன நவம்பரில் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுசாகப் போய்விட்டன. முதலாளி ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினார். அப்புறம் 25,000 ரூபாய் கொடுத்து, 'இனி எந்தப் பாத்தியமும் இல்லை' என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "அவன் கவனமில்லாமல் கையை விட்டான்" என்கிறார். பீஸ் வேகமாக விழவேண்டும் என்று, கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டைக் (பாதுகாப்புத் தடுப்பை) கழற்றச் சொன்னதே அவர்தான். சம்பளம் 18,000. மொத்தம் ஏழு பேர்தான், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கிடையாது. இனி ஏதாவது வழி உண்டா?

மதி
கையெழுத்துப் போட்டாச்சே, கஷ்டம்தான். போலீசில் சொல்லிப் பாருங்கள்.

பழைய ஆப்பரேட்டர்
மதி தம்பி, பயமுறுத்தாதீர்கள். நானும் பிரஸ்ஸில் நின்றவன்தான், இப்போது சங்க ஆபீசில் மனு எழுதிக்கொடுக்கிறேன். விபத்து நடந்த 2023 நவம்பரில் நடப்பில் இருந்த 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், பிரிவு 17: இழப்பீட்டை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் செல்லாது. அந்தப் பத்திரத்தை அவர் ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளட்டும்.

கவனக்குறைவு என்பதும் எடுபடாது. குடித்திருந்தான், வேண்டுமென்றே கார்டைக் கழற்றினான் என்று நிரூபித்தால்தான் அவர் தப்பலாம். கழற்றச் சொன்னது அவர் என்பதற்குக் கூட வேலை செய்பவர் ஒருவர் சாட்சி சொன்னால் போதும்.

கணக்கு இப்படி. 18,000 வாங்கினாலும் சட்டம் எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. 30 வயதுக்கான காரணி (வயதைப் பார்த்துச் சட்டம் வைத்திருக்கும் பெருக்கும் எண்) 207.98. ஒரே கையில் இரண்டு விரல் இழப்புக்கு அட்டவணையில் 20 சதவீதம். இந்த மூன்றையும் பெருக்கினால் 3,74,364 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால் 50 சதவீதம் வரை அபராதம். வாங்கின 25,000த்தை மறைக்காமல் மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போடவேண்டும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100க்கு அடித்தும் கேட்கலாம். மாற்றுத்திறனாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அங்கே வக்கீல் இலவசம்.

செல்வி
ரொம்ப நன்றி அண்ணா. ஒரு சிக்கல். ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் 'வீட்டில் கிரைண்டரில் அடிபட்டது' என்று இருக்கிறது. கூட்டிப்போன சூப்பர்வைசர் அப்படிச் சொல்லிவிட்டார்.

பழைய ஆப்பரேட்டர்
எல்லாப் பட்டறையிலும் இதே வேலைதான்! அந்தப் பத்திரத்தின் நகல் இருக்கிறதா? வீட்டு கிரைண்டரில் அடிபட்டவனுக்கு முதலாளி ஏன் பணம் கொடுத்து எழுதி வாங்கினார் என்று வக்கீல் கேட்பார். ஆஸ்பத்திரி பில்லை யார் ஜிபேயிலிருந்து கட்டினார்கள் என்பதையும், விபத்தன்று வாட்ஸப்பில் போன படம், வாய்ஸ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தம்பி போனை மாற்றிவிடப் போகிறான், முதலில் அதைச் செய்யுங்கள்.