இறக்கை முனை விளக்கைப் போட்டால் விஓஆர் கொடி விழுகிறது, ஆன்டெனாவை வாலுக்கு மாற்றலாமா?

தனிச்சிறகு:
வணக்கம். நானே கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இருக்கை விமானம். இறக்கை அலுமினியம், முனைகள் மட்டும் ஃபைபர்கிளாஸ். விஓஆர் (தரை நிலையத்தை வைத்துத் திசை சொல்லும் ரேடியோ), ஐஎல்எஸ் (ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் ரேடியோ) எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆன்டெனாவை இடது முனைக்குள் வைத்திருக்கிறேன், வெளியே எதுவும் துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது என்பதற்காக. எல்இடி நேவிகேஷன் விளக்கும் ஸ்ட்ரோபும் (விட்டுவிட்டுப் பளிச்சிடும் விளக்கு) அதே முனையில்தான், ஆன்டெனாவிலிருந்து ஒரு சாண் தள்ளி.

எஞ்சின் ஓடாமல் பேட்டரியில் மட்டும் ரேடியோவைப் போட்டால் பக்கத்து விஓஆரின் மோர்ஸ் அடையாளம் கணீரென்று கேட்கிறது. விளக்கு சுவிட்சைத் தட்டியதும் அது கரகரப்பில் மூழ்கிப்போய், காட்டியில் சிக்னலை நம்பாதே என்று சொல்லும் கொடி விழுந்துவிடுகிறது. ஆனால் பேச்சு ரேடியோவில் எந்தத் தொல்லையும் இல்லை, அதன் ஆன்டெனா வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒயரில் ஒரு ஃபெரைட் கவ்வி (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டினேன், 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டேன், துளியும் மாறவில்லை. அடுத்து பெயின்ட், அப்புறம் முனைகளை மூடிவிட வேண்டியதுதான். அதற்கு முன் ஆன்டெனாவை வாலுக்கு மாற்றிவிடலாமா? இறக்கைக்குள் இழுத்த கேபிளை எல்லாம் உருவ வேண்டியிருக்குமே என்று மனசு கேட்கவில்லை.

செம்புப்பட்டை:
இப்போதைக்கு எதையும் உருவாதீர்கள். இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் குருட்டாம்போக்குதான். இரண்டு சோதனை செய்துபாருங்கள், அரை மணி நேர வேலை.

முதலில் ரேடியோவின் பின்னால் நேவ் (வழிகாட்டி ரேடியோ) ஆன்டெனா கனெக்டரைக் கழற்றிவிட்டு விளக்கைப் போடுங்கள். கரகரப்பு அப்படியே இருந்தால் அது பவர் ஒயர் வழியாகவோ ஹெட்செட் கிரவுண்டு வழியாகவோ வருகிறது, ஆன்டெனாவுக்கு அதில் பங்கே இல்லை. கரகரப்பு நின்றுவிட்டால் ஆன்டெனாதான் அதை வாங்கிக்கொள்கிறது. அடுத்தது, நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது: ஆன்டெனாவைத் திரும்ப மாட்டிவிட்டு, விளக்கை விமானத்தின் ஒயரிலிருந்து பிரித்து, அது இருக்கும் இடத்திலேயே ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். ஒயர் ஒரு விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம், இரண்டையும் முறுக்கிவிடுங்கள். அப்போதும் இரைச்சல் குறையாவிட்டால் விளக்கின் உடலே கதிர்வீசுகிறது, விளக்கை மாற்றுவதா ஆன்டெனாவை நகர்த்துவதா என்று அப்புறம் யோசிக்கலாம். இரைச்சல் போய்விட்டால் உங்கள் ஒயர்தான் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது.

பேச்சு ரேடியோ தப்பித்தது தூரத்தால் என்றுதான் நினைக்கிறேன். 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரை நேவ், அதற்கு மேல் 137 வரை பேச்சு, இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. விளக்குக்குள் இருக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட் சில நூறு கிலோஹெர்ட்ஸில்தான் ஓடும், ஆனால் அது திறந்து மூடுவது அவ்வளவு சடாரென்று என்பதால் அதன் மடங்கு அலைகள் நூறு மெகாஹெர்ட்ஸையும் தாண்டிப் போகும்.

உயரம்10:
ஜிபிஎஸ் இருக்கும்போது விஓஆருக்காக ஏன் சார் இவ்வளவு பாடு? விளக்கைப் போட்டால் போடட்டும், நேவ் ரேடியோவை அணைத்துவிட்டால் முடிந்தது.

செம்புப்பட்டை:
அதே ஆன்டெனாவில்தான் லோக்கலைசரும் (ஐஎல்எஸ்ஸில் இடவலம் சொல்லும் சிக்னல்) வருகிறது. இறங்கும் சரிவைச் சொல்லும் கிளைட்ஸ்லோப் இருப்பது 330 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது 110-ன் மூன்று மடங்கு, அதனால் பலர் ஒரே ஆன்டெனாவிலிருந்து ஸ்பிளிட்டர் வைத்து இரண்டையும் எடுக்கிறார்கள். மேகத்துக்குள் ஐஎல்எஸ்ஸில் இறங்கும்போது விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், கொடி விழுவது அந்த நேரத்தில் நடக்கக்கூடாது. ஜிபிஎஸ் சிக்னல் தொலைந்த நாளில் கையில் மிஞ்சுவதும் இதுதான்.

முறுக்குக்கம்பி:
ஃபெரைட்டும் கெபாசிட்டரும் ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்கிறேன். நீங்கள் போட்டது தப்பான முனையில். இரைச்சல் பிறப்பது விளக்கில், நீங்கள் தடுப்பு வைத்தது சுவிட்சில், நடுவில் இருக்கும் ஒயர் முழுக்க இரைச்சலோடுதான் கிடக்கிறது. கெபாசிட்டர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அதன் கால் ஒரு சென்டிமீட்டர் நீளம் இருந்தால் சுமார் 10 நானோஹென்றி, 110 மெகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 7 ஓம். இரண்டு காலையும் இரண்டு சென்டிமீட்டர் விட்டிருந்தால், கிரவுண்டுக்கு நேர்வழி போட்டுவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது 28 ஓம் ஆகிவிடுகிறது. கால்களை ஒட்ட நறுக்கி, விளக்கின் பின்புறத்திலேயே 1000 பிகோஃபாரட் ஒன்று வைத்துப்பாருங்கள்.

ஃபெரைட்டில் ஒயரை ஒரு தடவை நுழைப்பதற்கும் மூன்று தடவை சுற்றுவதற்கும் நிறைய வித்தியாசம், தடை சுற்றின் வர்க்கமாக ஏறும். ரொம்பச் சுற்றினால் சுற்றுக்குச் சுற்று கெபாசிட்டன்ஸ் சேர்ந்து பலன் குறையும், மூன்றோடு நிறுத்துங்கள்.

முனைக்குள் ஒயர் எப்படிக் கிடக்கிறது? படம் போட முடியாவிட்டால் அளந்து சொல்லுங்கள். 113 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் 66 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட அந்த நீளத்துக்கு ஒயர் சும்மா தொங்கினால் அது இன்னொரு ஆன்டெனாதான்.

தனிச்சிறகு:
இரண்டு சோதனையும் நேற்று செய்தேன். ஆன்டெனாவைக் கழற்றியதும் முழு அமைதி. தனி பேட்டரியில் விளக்கை ஓட்டினால் மோர்ஸ் தெளிவாகக் கேட்கிறது, பின்னால் லேசாக ஒரு உஸ் மட்டும், கொடி விழவில்லை. ஆக, ஒயர்தான்.

ஒயரை அளந்ததும் திக்கென்றது. முனையைக் கழற்றி மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று இறக்கையின் கடைசி ரிப்பிலிருந்து (உலோகக் குறுக்குச் சட்டம்) விளக்கு வரை 70 சென்டிமீட்டர் தாராளமாக விட்டிருந்தேன். பிளஸ் ஒரு பக்கம், கிரவுண்டு ஒரு பக்கம், முறுக்கே இல்லை. அந்தத் தொங்கல் ஆன்டெனாவின் நீளமான பட்டைக்கு இணையாக, நான்கு விரல் இடைவெளியில் போகிறது. பார்க்க அழகாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

முறுக்குக்கம்பி:
அதுதான், கிடைத்துவிட்டது. தொங்கலை நறுக்கிவிட்டு ரிப்பிலேயே ஒரு கனெக்டர் வையுங்கள், முனையைக் கழற்ற அது போதும். ஃபைபர்கிளாஸில் கிரவுண்டு கிடையாது, அதனால் பிளஸ்ஸும் கிரவுண்டும் ஜோடியாக, முறுக்கி, ஷீல்டுக்குள் (உலோகப் பின்னல் உறை) போகட்டும். ஷீல்டை விளக்கின் உலோக உடலிலும் ரிப்பிலும் இரண்டு முனையிலும் பிணையுங்கள். ஒரு முனையில் மட்டும் என்பது ஹெட்செட் ஒயர்களில் ஹம் வராமல் இருக்கச் செய்வது, இந்த அலைவரிசையில் தொங்கும் முனை கேடுதான். (செனான் குழாய் ஸ்ட்ரோப் வேறு கதை, அதில் தயாரிப்பாளர் சொன்னபடியே செய்யுங்கள்.) ஷீல்டை வால் மாதிரி முறுக்கி நீளமாக இழுக்காமல் ஒட்டப் பிணைக்க வேண்டும். ரிப்பில் தொடும் இடத்தில் பிரைமரைச் சுரண்டிவிடுங்கள், ஆன்டெனாவின் அடிப்பகுதி இறக்கையைத் தொடும் இடத்திலும் அப்படியே.

ஆன்டெனாவோடு வந்த தாளில் விளக்கு ஒயருக்கு ஒரு பாதை போட்டிருந்தால் அதை மீறாதீர்கள். பாதை இல்லையென்றால் பட்டைகளுக்கு இணையாக ஓடாமல், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடந்து போகட்டும்.

கார்பன்வால்:
மூடுவதற்கு முன் ஒரு சோதனை, எனக்குப் பெயின்ட் அடித்த பிறகுதான் தோன்றியது, பட்ட கஷ்டம் சொல்லி மாளாது. ஜிபிஎஸ் 1575.42 மெகாஹெர்ட்ஸ். பேச்சு ரேடியோவில் 121.175-ஐ வைத்துப் பேசும் பொத்தானை அழுத்தினால் அதன் 13-வது மடங்கு 1575.275, அப்படியே மேலே போய் உட்காரும். 131.275-ன் 12-வது மடங்கு 1575.3. இந்த இரண்டிலும், ஒவ்வொன்றின் முன்பின் 25 கிலோஹெர்ட்ஸிலும், யாரும் பேசவில்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் அழுத்திப்பாருங்கள், ஜிபிஎஸ் திரையில் செயற்கைக்கோள்கள் உதிர்கின்றனவா என்று பக்கத்தில் ஒருவர் பார்க்கட்டும். உதிர்ந்தால் இரண்டு ஆன்டெனாக்களையும் தள்ளி வைக்க வேண்டும். என்னுடையது கார்பன் உடல், உள்ளே ஆன்டெனா வைக்க வழியே இல்லை, கார்பன் அலையை விடாது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தனிச்சிறகு:
முடித்துவிட்டேன். ஒயர் இப்போது 24 சென்டிமீட்டர், முறுக்கி ஷீல்டுக்குள், விளக்கை ஒட்டி ஃபெரைட்டில் மூன்று சுற்று. விளக்கு, ஸ்ட்ரோப் இரண்டும் எரியும்போதே மோர்ஸ் கேட்கிறது, கொடி விழவில்லை. 121.175, 131.275, அவற்றின் முன்பின் எல்லாம் பார்த்தாயிற்று, ஜிபிஎஸ் அசையவில்லை. எஞ்சினை ஓட்டியபோது மட்டும் விஓஆர் முள் மெதுவாக இரண்டு மூன்று டிகிரி ஆடுகிறது, விளக்கை அணைத்தாலும் ஆடுகிறது.

செம்புப்பட்டை:
ஆர்பிஎம்மைக் கொஞ்சம் மாற்றுங்கள். நின்றுவிட்டால் அது புரொப்பெல்லர், மின்சாரம் இல்லை. விஓஆர் திசையைச் சொல்வதே 30 ஹெர்ட்ஸ் சிக்னலில்தான், இரண்டு பிளேடு 900 ஆர்பிஎம்மில் சுற்றினால் நொடிக்கு 30 பிளேடு கடக்கும். சில வேகங்களில் ஆறு டிகிரி வரைகூட ஆடும்.

தனிச்சிறகு:
1000-க்கு ஏற்றியதும் முள் நின்றுவிட்டது. நாளை முனைகளை மூடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.