தேன்காட்டிக் குருவி மனிதனுக்கு நண்பனா, கூட்டாளியா?

பூங்குழலி டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் "ஆப்பிரிக்கக் காட்டின் நண்பர்கள்" என்று ஒரு சுவர்ப்பலகை தயாரிக்கிறார்கள். மூன்று செய்திகள் எடுத்து வந்திருக்கிறார்கள். முதலை வாயைத் திறந்து காட்ட, ஒரு பறவை உள்ளே போய்ப் பல்லிடுக்கில் இருக்கும் இறைச்சியைக் கொத்தித் தின்னும் என்பது முதல் செய்தி. காண்டாமிருகத்தின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் பறவை அடுத்தது. கடைசியாக, காட்டில் மனிதனைத் தேன்கூட்டுக்கு அழைத்துப் போகும் தேன்காட்டிக் குருவி. மூன்றுமே எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தப்பாக எதையும் எழுதி ஒட்டிவிடக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கருங்காலி:
டீச்சர், முதலாவதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது நைல் நதி பற்றி கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தது. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளாக ஆளாளுக்குத் திருப்பிச் சொல்கிறார்கள். நம்பத் தகுந்த ஒரு படம்கூட இதுவரை கிடையாது. இணையத்தில் சுற்றுவதெல்லாம் ஒட்டு வேலை.

இரண்டாவது பாதி உண்மை. அந்தப் பறவை உண்ணி தின்னும், ரத்தமும் குடிக்கும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஜிம்பாப்வே ஆய்வு ஒன்றில் மாடுகளைப் பறவை அண்டாமல் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். முதிர்ந்த உண்ணிகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் பறவை வந்துபோன மாடுகளின் புண் ஆறத்தான் நாளானது. கொத்திக் கொத்திப் புண்ணைத் திறந்தே வைக்கிறது.

மூன்றாவது உண்மைதான். ஆனால் "நண்பன்" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் குருவிக்கு வேண்டியது தேன்மெழுகும் தேனீப் புழுவும். கூட்டை உடைக்க அதனால் முடியாது, மனிதனால் முடியும். அதனால் கூப்பிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

அருஷா முருகன்:
கருங்காலி சார், "அவ்வளவுதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே! நான் தான்சானியாவில் நான்கு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரு விடுமுறையில் எயாசி ஏரிப் பக்கம் ஹாட்ஸா மக்கள் இருவரோடு ஒரு காலைப் பொழுது நடந்தேன். வேட்டையாடியும் கிழங்கும் தேனும் எடுத்தும் வாழ்கிறவர்கள் அவர்கள்.

ஒருவர் நடந்துகொண்டே சீழ்க்கை அடித்தார். ஒரே மாதிரி இல்லை, ஏறி இறங்கி வளைந்து போகும் சீழ்க்கை. கொஞ்ச நேரத்தில் முள்மரத்திலிருந்து பாதி காலியான தீப்பெட்டியை யாரோ விடாமல் குலுக்குவது போல ஒரு சத்தம். பார்த்தால் நம்மூர்ச் சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிய, சாம்பலும் பழுப்புமான சாதாரணப் பறவை. ஐம்பது கிராம் இருந்தால் அதிகம். அது பறந்தால் வாலின் இரு ஓரத்திலும் வெள்ளை பளிச்சென்று தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் போனோம். அடுத்த மரத்தில் உட்காரும், குலுக்கும், நாங்கள் நெருங்கியதும் எழும்பும். நடுவில் எனக்குச் செருப்பு அறுந்து நான் பின்தங்கிவிட்டேன். நாங்கள் நின்ற இடத்துக்கே திரும்பி வந்து கத்தியது! கடைசியில் ஒரு பாவோபாப் மரத்துக்கு மேலே வந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. பொந்து அங்கேதான் இருந்தது.

காட்டுப் பறவை அது. யாரும் பழக்கவில்லை, கூண்டில் வளர்க்கவில்லை. அதற்கு "நண்பன்" என்ற வார்த்தைகூடக் கொடுக்கக் கூடாதா?

கருங்காலி:
முருகன் சார், நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவே இல்லை. நேரில் பார்த்த ஒருவர் எழுதுவது எங்களுக்கெல்லாம் கொடுப்பினை. ஆனால் தேன் எடுத்த பிறகு ஹாட்ஸா என்ன செய்வார்கள் என்பதையும் சொல்லுங்கள். மிச்ச மெழுகைப் பல நேரம் எரித்துவிடுவார்கள், இல்லை புதைத்தோ மறைத்தோ விடுவார்கள். குருவிக்குப் பசி இருந்தால்தான் அடுத்த கூட்டையும் காட்டும் என்பது அவர்கள் கணக்கு. நண்பனுக்கு யாராவது இப்படிச் செய்வார்களா?

அந்தப் பறவை வளரும் கதை இன்னும் கொடுமை. குயில் மாதிரி இதுவும் அடுத்தவர் கூட்டில்தான் முட்டையிடும். சின்னப் பஞ்சுருட்டான் பறவைகள் மண்ணுக்குள் பொந்து வைத்திருக்கும். தாய்ப் பறவை உள்ளே போய், வீட்டுக்காரியின் முட்டைகளைக் குத்தி ஓட்டை போட்டுவிட்டுத் தன் முட்டையை வைத்துவிட்டு வரும். அதையும் மீறிப் பொரிக்கும் குஞ்சுகளை வந்த குஞ்சு கொன்றுவிடும். பிறக்கும்போதே அலகு நுனியில் கூரான இரண்டு கொக்கிகள் இருக்கின்றன. கண் திறவாத, இறகு முளைக்காத குஞ்சு, இருட்டில் தட்டுப்படுவதையெல்லாம் கவ்விக் கவ்விக் குத்தும். சாம்பியாவில் பொந்துக்குள் கேமரா வைத்துப் படம் பிடித்து 2011இல் வெளியிட்டார்கள். வேலை முடிந்த பிறகு கொக்கிகள் தானாகவே போய்விடும். "நண்பன்" என்ற தலைப்பின் கீழ் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?

மரகதம்:
குயிலைப் பற்றித் தெரிந்தும் நாம் குயில் பாட்டைக் கேட்காமல் இருக்கிறோமா? பறவை தன் குஞ்சை எப்படி வளர்க்கிறது என்பது வேறு, மனிதனோடு அதற்கு என்ன உறவு என்பது வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள் அண்ணா.

ஹாட்ஸா வழக்கம் ஒன்றை வைத்து ஆப்பிரிக்கா முழுவதையும் பேசவும் முடியாது. மொசாம்பிக்கின் வடக்கே நியாசா காட்டில் யாவோ மக்கள் இருக்கிறார்கள். தேன் எடுத்ததும் மெழுகும் புழுவும் இருக்கும் அடைத் துண்டுகளைப் பொறுக்கி, பச்சை இலைமேல் குருவிக்கென்று வைத்துவிட்டு வருகிறவர்கள்.

அவர்கள் குருவியைக் கூப்பிடுவதும் வேறு விதம். நாக்கை உருட்டி "ப்ர்ர்ர்ர்", உடனே தொண்டையில் ஒரு "ஹ்ம்". அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவது. தேனுக்குப் போகும்போது தவிர வேறு எதற்கும் அந்த ஒலியை எழுப்ப மாட்டார்கள். கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் என்ற பறவையியலாளர் குழு அங்கே சோதித்து 2016இல் வெளியிட்டது. ஒலிபெருக்கியில் இந்த அழைப்பு, மனிதர் சும்மா பேசும் வார்த்தைகள், ஒரு புறாவின் குரல் என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். மற்ற சத்தங்களுக்குக் குருவி வந்து வழிகாட்ட வாய்ப்பு 33 விழுக்காடு. "ப்ர்ர்ர்-ஹ்ம்" என்றால் 66. கூடு காட்டப்படும் வாய்ப்பு 16 விழுக்காட்டிலிருந்து 54 ஆனது. காட்டில் மனிதச் சத்தம் கேட்டாலே ஓடிவரும் பறவை இல்லை அது. தேனுக்காக வந்த மனிதன் யார் என்று தெரிந்துகொண்டு வருகிறது.

கருங்காலி:
அருமையான விவரம் தங்கச்சி, நன்றி. ஆனால் கவனித்தீர்களா, நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. யார் கூட்டை உடைக்கப் போகிறான் என்று பார்த்து வருகிறது. அதுதான் கூட்டாளி. வட கென்யாவில் போரானா மக்களிடையே நடந்த 1989 ஆய்வும் அதையே காட்டுகிறது. குருவி இல்லாமல் தேடினால் ஒரு கூட்டுக்குச் சராசரியாக 8.9 மணி நேரம். குருவியோடு போனால் 3.2 மணி. குருவி காட்டிய கூடுகளில் 96 விழுக்காடு, மனிதன் கோடரியோடும் புகையோடும் வந்து திறக்காவிட்டால் அதற்கு எட்டாதவை. இவனுக்கு நேரம் மிச்சம், அதற்குச் சாப்பாடு மிச்சம். பங்குத் தொழில் மாதிரி.

ராசு:
நான் இடையில் வந்து இரண்டாவது செய்தியைக் காப்பாற்றிக்கொள்கிறேன். அந்த உண்ணிப் பறவையை ரத்தம் குடிப்பது என்று ஒதுக்கிவிடாதீர்கள். சுவாஹிலியில் அதற்கு "அஸ்காரி வா கிஃபாரு" என்று பெயர், காண்டாமிருகத்தின் காவல்காரன் என்று அர்த்தம். தென்னாப்பிரிக்காவில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி பூங்காவில் இந்தப் பெயரையே சோதித்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். கறுப்புக் காண்டாமிருகத்துக்குக் கண் பார்வை மட்டம். தனியாக நிற்கும்போது, நடந்து வரும் ஆளை 23 விழுக்காடு தடவைதான் கண்டுகொண்டது, அதுவும் சுமார் 27 மீட்டரில். முதுகில் பறவை இருந்தால் ஒரு தடவைகூடத் தவறவில்லை, சராசரியாக 61 மீட்டரிலேயே உஷாராகிவிட்டது. பறவை கத்தியதும் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது. அந்தத் திசையிலிருந்து வரும் ஆளின் வாடைதான் அதன் மூக்குக்கு எட்டாதே! டீச்சர், புண்ணைக் கொத்துவதையும் எழுதுங்கள், காவல் காப்பதையும் எழுதுங்கள்.

கதிர்வேல்:
அப்போ தேன்வளைக்கரடி, அதுதான் ஆங்கிலத்தில் ஹனி பேட்ஜர் என்பார்களே, அது? குருவி அதையும் கூட்டுக்கு அழைத்துப் போகும் என்று சின்ன வயதில் படித்திருக்கிறேன். அது பொய்யா அண்ணா?

மரகதம்:
பொய் என்றும் தள்ள முடியாது, மெய் என்றும் ஒட்ட முடியாது தம்பி. வளைக்கரடி பெரும்பாலும் இரவில் திரிவது, குருவி பகலில் பறப்பது. 2023இல் ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் ஏறத்தாழ 400 தேன் வேட்டைக்காரர்களிடம் கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் அதெல்லாம் நடக்காது என்றார்கள். ஆனால் தான்சானியாவில் ஹாட்ஸா உள்ளிட்ட சில மக்களிடையே, நேரில் பார்த்தோம் என்றவர்கள் நிறையப் பேர். அதனால் பலகையில் போட வேண்டாம். அந்த மக்கள் சும்மா சொல்கிறார்கள் என்றும் பேச வேண்டாம். அந்தக் காட்டில் நம் எல்லோரையும் விட அதிக நாள் நடந்தவர்கள் அவர்கள்.

அருஷா முருகன்:
மரகதம் மேடம் சொன்னதற்கு ஒரு நல்ல சேர்க்கை இருக்கிறது. அதே 2023இல் இன்னொரு சோதனை வெளியானது. யாவோவின் "ப்ர்ர்ர்-ஹ்ம்" ஒலியைத் தான்சானியாவிலும், ஹாட்ஸா சீழ்க்கையை மொசாம்பிக்கிலும் மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். தான்சானியாக் குருவி உள்ளூர்ச் சீழ்க்கைக்கு மூன்று மடங்குக்கு மேல் கூடுதலாக வந்தது. மொசாம்பிக் குருவி தன் ஊர் ஒலிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரே இனப் பறவை, ஆனால் அந்தந்த ஊர் மனிதர்களின் அழைப்பைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

கருங்காலி சாருக்கு ஒரு கேள்வி. அந்தக் குருவி பஞ்சுருட்டான் பொந்தில் பிறந்தது. பெற்ற தாயைக்கூடப் பார்க்கவில்லை. வளர்த்த பஞ்சுருட்டானுக்கு வழிகாட்டுவது என்றால் என்னவென்றே தெரியாது. அப்படியிருக்க, வெளியே வந்து மனிதனைத் தேடிப் போகிறது, அவன் குரலையும் படித்துக்கொள்கிறது. வெறும் பங்குத் தொழில் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை.

கருங்காலி:
நல்ல கேள்வி. வழிகாட்டும் உந்துதல் பிறவியிலேயே வந்திருக்க வேண்டும், ஏனென்றால் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. எந்தக் குரலுக்குப் போனால் மெழுகு கிடைக்கும் என்பது பழகிப் படித்தது. இரண்டுமே வியப்புதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

எனக்கு "நண்பன்" என்ற வார்த்தை மேல் ஏன் இத்தனை பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறேன். நண்பன் என்று எழுதினால், குருவி பாசத்தால் என்றைக்கும் வந்துகொண்டே இருக்கும் என்று பிள்ளை நினைக்கும். அப்படி இல்லை. கடைச் சர்க்கரையும் பெட்டித் தேனும் வந்து, ஜனங்கள் காட்டுக்குப் போவதை நிறுத்திய இடங்களில் குருவி வழிகாட்டுவதும் குறைந்துவிட்டது. கூப்பிட ஆளில்லை, உடைக்க ஆளில்லை. மனிதன் தன் பக்க வேலையை விட்டால் அதுவும் விட்டுவிடுகிறது. இது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

அருஷா முருகன்:
அதையேதான் நான் நட்பு என்கிறேன் சார். போக்குவரத்து நின்றால் நம் சொந்தபந்தமே விட்டுப் போகிறதே.

1588இல் சொஃபாலாவில் இருந்த ஜொவாவ் தோஸ் சாந்தோஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார், தேவாலயத்துக்குள் ஒரு சின்னப் பறவை பறந்து வந்து மெழுகுவர்த்தியைக் கொத்தித் தின்பதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அது தேன்மெழுகு. இந்தப் பறவை மனிதர்களைத் தேன்கூட்டுக்குக் கூட்டிப் போவதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அவருக்கும் முன்னால் எத்தனை தலைமுறை நடந்திருக்கும்!

கதிர்வேல்:
நம் பக்கம் இந்தப் பறவை இருக்கிறதா?

மரகதம்:
தமிழ்நாட்டில் கிடையாது. இமயமலையில் மஞ்சள் பிட்டம் கொண்ட ஒரு தேன்காட்டி இனம் உண்டு. பாறையில் தொங்கும் பெரிய அடைகளில் மெழுகு தின்று வாழும். பெயர்தான் தேன்காட்டி, மனிதனுக்கு வழிகாட்டும் பழக்கம் அதற்கு இல்லை.

பூங்குழலி டீச்சர்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. முதலையை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் காண்டாமிருகத்தின் காவல்காரன் பெரிதாக வருகிறது, புண்ணைக் கொத்துவதும் சேர்த்துத்தான்.

தேன்காட்டி பற்றி வகுப்பில் கருங்காலி சாரும் முருகன் சாரும் சொன்னதை அப்படியே வாசித்தேன். நண்பனா கூட்டாளியா என்று கை தூக்கச் சொன்னேன். கூட்டாளிக்கு இருபத்தொன்று, நண்பனுக்குப் பதினாறு. கொக்கி அலகைப் படமாக வரைய மூன்று பேர் போட்டி போடுகிறார்கள். தலைப்பில் "நண்பர்கள்" என்பதை அடித்து "துணைகள்" என்று எழுதியிருக்கிறோம். நண்பன் கட்சிக்காரர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

முருகன் சார், ஒரு பிள்ளை கேட்கச் சொன்னது: அன்றைக்கு அந்த பாவோபாப் மரத்தடியில் தேன் எடுத்த பிறகு, உங்களை அழைத்துப் போன குருவிக்கு ஏதாவது கிடைத்ததா?

அருஷா முருகன்:
கிடைத்தது டீச்சர். அடையின் பெரும்பகுதியை அவர்கள் நெருப்பில் போட்டுவிட்டார்கள், கருங்காலி சார் சொன்னது சரிதான். ஆனால் மரத்தடியில் விரல் நீளத்துக்கு ஒரு மெழுகுத் துண்டு புல்லுக்குள் விழுந்து கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தேன், குருவி தரையில் இருந்தது.